சொந்தக் குரல் இல்லாத யந்திரம்

ஒருவர் ‘கோ’ என்ற சொல்லை எட்டு முறை உச்சரிக்கிறார். கேட்டவர்களை விசாரித்தால், “கோ என்ற சொல்லை எட்டுத் தடவை சொன்னார்” என்பார்கள். “எட்டு கோ சொற்களைச் சொன்னார்” என்று எவரும் சொல்வதில்லை. ஜைமினியின் மீமாம்சா சூத்திரங்களுக்கு உரை எழுதிய சபரர் எடுத்துவைக்கும் வாதம் இது. சொல் ஒன்றே, அது என்றும் இருப்பது, வாய் அதை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை என்பது மீமாம்சகர் கட்சி. இருட்டறையில் இருக்கும் பானையை விளக்கு காட்டுவதுபோல என்பது இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் உவமை. விளக்கு பானையை வனைவதில்லை. விளக்கை அணைத்தால் பானை உடைவதுமில்லை.

கௌதமரின் நியாய சூத்திரத்தைப் பின்பற்றிய நையாயிகர்கள் இதை ஒப்பவில்லை. ஒலிக்குத் தொடக்கம் உண்டு, அது புலனுக்கு எட்டுகிறது, செய்யப்பட்ட பொருள்களைப் பேசுவதுபோலவே அதையும் பேசுகிறோம், ஆகவே அது பிறந்து மறைவது என்றார்கள். ஓர் ஒலி அடுத்த ஒலியைப் பிறப்பித்துவிட்டு மறைய, அப்படி வரிசையாகப் பிறந்தவற்றில் கடைசியானது செவியைத் தொடுகிறது என்பது அவர்கள் கணக்கு.

இரு தரப்பும் வாதாடியது வேதத்தின் சொல்லைப் பற்றி. இசையைப் பற்றி அன்று. ஆனாலும் ஒலியைத் தட்டில் பதித்து, வேண்டும்போது எழுப்பலாம் என்று ஆன பிறகு இந்தப் பழைய வழக்கு வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதத்தை எச்.எம்.வி. 1963இல் இசைத்தட்டாக வெளியிட்டது. எத்தனையோ வீடுகளில், எத்தனையோ விடியல்களில் அது ஒலித்திருக்கிறது. அவை எல்லாம் ஒரே சுப்ரபாதம்தான் என்று வீட்டில் உள்ளவர்கள் யோசிக்காமலே சொல்வார்கள், சபரர் மகிழ்வார். ஆனால் ஒவ்வொரு விடியலிலும் காற்று புதிதாகத்தான் அதிர்ந்தது. ஊசி தேய்ந்த வீட்டில் அது கரகரத்தது, மோட்டார் தளர்ந்த வீட்டில் சுருதி இறங்கியது. அங்கே கௌதமரின் சீடர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கைக்கு எட்டும் விலையில் நல்ல டர்ன்டேபிள் எது என்ற கேள்வி வெறும் கடைக் கேள்வியாக நின்றுவிடாதது இதனால்தான். மீமாம்சகர் பேச்சில் வெளிப்படுத்தும் கருவிக்கு வியஞ்சகம் என்று பெயர். தட்டு சுழற்றும் யந்திரம் ஒரு வியஞ்சகம். அதன் தகுதியை ஒரே அளவுகோலால் அளக்கலாம்: தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல், உள்ளதைக் குறைக்காமல் காட்டுகிறதா? ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுக்கும் காசில் ஒரு பகுதி ஒலியின் அளவுக்குப் போகிறது. டர்ன்டேபிளுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் அதன் மௌனத்துக்கே போகிறது. மோட்டாரின் அதிர்வு ஊசியை எட்டாமல் இருக்க, தட்டு ஒரே வேகத்தில் சுற்ற, ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் தன் போக்கில் நடுங்காமல் இருக்க என்று, யந்திரம் தன்னை மறைத்துக்கொள்வதற்குத்தான் விலை.

இதில் தோற்றுப்போகும் வகை ஒன்று சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது: சூட்கேஸ் வடிவத்தில், உள்ளேயே ஸ்பீக்கர் வைத்து வரும் மலிவுப் பெட்டி. பார்க்க அழகு. ஆனால் ஊசி பொருத்திய அதன் பீங்கான் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 5 கிராம் அளவுக்குப் பள்ளத்தை அழுத்துகிறது. நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ்கள் கேட்பது 2 கிராமைச் சுற்றித்தான். ஊசியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் குடியிருப்பதால் ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்கே திரும்பிப் போகிறது. பாடகருடைய குரலோடு பெட்டியின் குரலும் கலந்துவிடுகிறது. காட்டவேண்டிய கருவி தன்னைக் காட்டத் தொடங்கும்போது எவ்வளவு மலிவானாலும் அது வீண் செலவு.

அதற்கு மேல் ஒரு படி ஏறினால் போதும், நிலைமை மாறிவிடும். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் அமெரிக்காவில் 150 முதல் 200 டாலருக்குள் விற்றுவந்திருக்கிறது. பெல்ட்டில் சுழலும், பொத்தானை அழுத்தினால் கை தானே போய் அமரும், பக்கம் முடிந்ததும் தானே திரும்பும். போனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. அந்தச் சிறு மின்சுற்று இல்லாமல் காந்தக் கார்ட்ரிட்ஜ் எடுக்கும் ஒலியைச் சரியாகக் கேட்க முடியாது. தட்டில் வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். 1954இல் வகுத்த ஆர்ஐஏஏ அளவுப்படி ப்ரீஆம்ப் அதை நேர்செய்கிறது. பள்ளத்தில் இருப்பது அப்படியே பாட்டு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: பதிவாகியிருப்பதைத் திறக்கவே ஓர் உடன்பாடு தேவைப்படுகிறது. இந்த யந்திரத்தின் குறையும் தெளிவானது. அதன் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஊசியை மட்டும்தான். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை.

அடுத்த படியில் இரண்டு மரபுகள். ஒன்று ஜப்பானியருடையது. மத்சுஷிதா நிறுவனம் 1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 வழியாக, மோட்டாரின் அச்சிலேயே தட்டை அமர்த்தும் டைரக்ட் டிரைவ் முறையைக் கொண்டுவந்தது. 1972இல் வந்த எஸ்எல்-1200 அதன் வீட்டுப் பிள்ளை. ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120எக்ஸ் அந்த உருவத்தைக் குறைந்த விலையில் பின்பற்றுவது. மற்றொன்று ஆங்கிலேயருடையது. 1973இல் தொடங்கிய ரேகா, கனமான அலங்காரங்களை விலக்கி, லேசான விறைத்த பலகை, பெல்ட், நல்ல கை என்று நின்றது. அதன் பிளானர் 1 மாதிரியில் பொத்தான் என்று பார்த்தால் ஆன், ஆஃப் மட்டும். வேகம் மாற்ற வேண்டுமானால் சுழல்தட்டைத் தூக்கிப் பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். சௌகரியத்துக்குப் போகவேண்டிய காசைக் கைக்கும் அச்சுக்கும் கொடுத்திருக்கிறார்கள். வியஞ்சகம் என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டாம் மரபு இன்னும் நெருக்கமானது. வீட்டில் கேட்பதற்கு அதுவே மேல்.

சரி, இன்னும் மேலே? இங்கேதான் தத்துவம் கணக்கோடு சேர்கிறது. ஏடி-எல்பி60எக்ஸின் வேகத் தடுமாற்றம் 0.25 சதவீதத்துக்குக் கீழ் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். பழைய எஸ்எல்-1200எம்கே2வுக்குச் சொல்லப்பட்டது 0.025 சதவீதம், பத்து மடங்கு துல்லியம். இப்போது தட்டைப் பாருங்கள். நடுத் துளை அரை மில்லிமீட்டர் விலகிக் குத்தப்பட்டிருந்தால், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஓடும் பள்ளத்தில் சுருதி ஒவ்வொரு சுற்றுக்கும் அரை சதவீதம் ஏறி அரை சதவீதம் இறங்கும். எல்.பி. ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 1.8 விநாடி. ஆகவே நீண்ட கார்வை ஒன்று ஊஞ்சலாடுவதைப் பழகிய காது பிடித்துவிடும். இரண்டு அளவுகளும் எடுக்கப்படும் முறை வேறு என்றாலும், பெரிய பிழை எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. போதாக்குறைக்கு, தட்டின் விளிம்பில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், கடைசிப் பாட்டுக்கு வரும்போது 21 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. அதே ஒலியை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. உள்வட்டத்தில் பாட்டு கொஞ்சம் மங்குவதும் உடைவதும் அதனால்தான். எந்த விலை கொடுத்தாலும் அது வடிவத்தோடு வந்த குறை.

நாகமிச்சி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிஎக்ஸ்-1000 என்ற டர்ன்டேபிளை வெளியிட்டது. துளை விலகிய தட்டின் உண்மையான மையத்தைத் தானே தேடி, தட்டை நகர்த்திச் சரிசெய்யும் யந்திரம் அது. பொறியியலில் அது ஒரு சாதனை. அந்த நாளில் பல ஆயிரம் டாலர் விலை. குத்திய துளையின் பிழையைக் கேட்பவர் வீட்டில் அவ்வளவு செலவில் திருத்துவது வியப்புக்குரியது என்றாலும், அதைப் பின்பற்றி ஒரு பரம்பரை எழவில்லை. விளக்கை எவ்வளவு துடைத்தாலும் பானையிலுள்ள விரிசல் விரிசலாகவே தெரியும்.

பானையும் விளக்கும் முடிந்தன, பார்ப்பவர் மிச்சம். நியாய சூத்திரம் பிரத்தியட்சத்துக்கு, அதாவது நேரடிப் புலனறிவுக்கு, இலக்கணம் சொல்லும்போது, அது புலனும் பொருளும் கூடுவதால் பிறக்க வேண்டும் என்பதோடு நிற்பதில்லை. அது சொல்லால் உண்டாகாததாக, பிறழாததாக, ஐயமற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. சொல்லால் உண்டாகாதது என்பதை உரையாசிரியர்கள் நீளமாக விவாதித்திருக்கிறார்கள். 2022இல் அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம் அந்த விவாதத்துக்கு உரை எழுதியதுபோல் அமைந்தது.

மொபைல் ஃபிடலிட்டி சவுண்ட் லேப் என்பது கலிஃபோர்னியாவில் தட்டுகளுக்கு மாஸ்டரிங் செய்யும், மதிப்புள்ள பெயர். மூல நாடாவிலிருந்து எடுக்கப்பட்டவை என்ற அடையாளத்தோடு அதன் தட்டுகள் வந்தன. ‘ஒன்-ஸ்டெப்’ வரிசையில் சில 125 டாலர். அனலாக் ஒலியின் வெதுவெதுப்புக்கு அவற்றையே சான்றாகக் காட்டியவர்கள் ஏராளம். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ அந்த வரிசையில் 40,000 பிரதிகள் வரும் என்று அறிவித்ததும் சிலருக்குக் கேள்வி எழுந்தது. அத்தனை பிரதிகளுக்கு மூல நாடாவை எத்தனை முறை ஓட்ட வேண்டும், அதற்கு யார் அனுமதிப்பார்கள்? அந்த ஜூலையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்து இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் கேட்டபோது, நடுவில் டிஜிட்டல் கோப்பாகப் பதிந்து வைத்துக்கொள்ளும் படி உண்டு என்பதை நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். அது வருடக்கணக்காக நடந்துவந்தது. வழக்கு வந்தது, சமரசத்தில் முடிந்தது.

தட்டுகள் மோசமாக ஒலித்தன என்று இதற்குப் பொருளில்லை. அவை நன்றாகவே ஒலித்தன. சொன்னதும் செய்ததும் பொருந்தாததுதான் குற்றம். ஆனால் கேட்டவர்கள் பக்கம் இன்னொரு கேள்வி நிற்கிறது. அவர்கள் காதில் கேட்ட அந்த ‘அனலாக் வெதுவெதுப்பு’ எங்கிருந்து வந்தது? உறையிலிருந்த சொல் காதுக்குள் போய் ஒலியோடு ஒன்றாகிவிட்டது. கௌதமர் விலக்கச் சொன்ன கலப்பு இதுதான். ஏமாற்றப்பட்டவர்களைக் கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. நல்ல காது உள்ளவர்களும், பல்லாண்டு கேட்டவர்களும் அதில் இருந்தார்கள். புலன் தனியாக வேலை செய்வதில்லை என்பதற்கு, தர்க்க நூலுக்கு வெளியே கிடைத்த நல்ல சான்று அது.

ஆகவே வாங்கப்போகிறவர் விலைச்சீட்டையும் பெயரையும் அறியாத நிலையில் ஒரு தரம் கேட்பது நல்லது. முடிந்தால் கடையில் இரண்டு யந்திரங்களை, தெரிந்த ஒரே தட்டைக் கொண்டு, எது ஓடுகிறது என்று பார்க்காமல் கேட்கலாம். ஆலாபனையின் நடுவே ஒரு நீண்ட கார்வை வரும் தட்டாக இருந்தால் வேகத்தின் நடுக்கம் தெரியும். பாட்டுக்கு முந்திய அமைதியில் மோட்டாரின் முனகல் தெரியும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் கார்ட்ரிட்ஜின் தகுதி தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஆட்டமில்லாத, மட்டம் பார்த்த பலகையில், ஸ்பீக்கர்களிலிருந்து தள்ளி வைப்பதற்குச் செலவே இல்லை. பயனோ பல ஆயிரம் ரூபாய் கூடுதல் யந்திரத்தின் பயன்.

ஐந்நூறு, அறுநூறு டாலர் அளவில் விற்றுவந்திருக்கும் ரேகாவோ அதற்கு நிகரானதோ வாங்க முடிந்தவருக்கு அதற்கு மேல் தேட வேண்டிய தேவை குறைவு. முடியாதவருக்கு ஏடி-எல்பி60எக்ஸ் அவமானமில்லை. மிஞ்சும் பணத்தை ஊசிக்கு ஒதுக்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் நையாயிகர்கள் சொன்னது அப்படியே நடக்கிறது. ஆடியோ-டெக்னிகாவின் கணக்குப்படி கூம்பு முனை ஊசிக்கு ஏறக்குறைய 500 மணி நேரமும் நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரமும் ஆயுள். தினம் ஒரு மணி நேரம் கேட்கும் வீட்டில் நீள்வட்ட ஊசி ஒரு வருடத்துக்குள் தேய்ந்துவிடும். தேய்ந்த ஊசி தட்டையும் சேர்த்துத் தேய்க்கும். அப்படித் தேய்ந்த பள்ளத்தை எந்த டர்ன்டேபிளாலும் மீட்க முடியாது.