மன்னிப்பை யாரிடம் கேட்பது?

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கணக்குப் பகுதியில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். 'சிவன் சொத்து குலநாசம்' என்று கேட்டு வளர்ந்த சைவன். கோயில் காசைத் தொட நடுங்குகிறவர்கள்கூட அரசாங்கக் காசென்றால் நடுங்காததை என் மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன். அரசாங்கக் காசுக்குச் சொந்தக்காரன் இல்லையென்ற நினைப்பு அவர்களுக்கு.

அயலில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருநாள் சொன்னார்: "இறைவனுக்குச் செய்யவேண்டிய கடமையில் தவறினால் அவன் மன்னிக்கலாம் தம்பி. அடுத்தவன் உரிமையைப் பறித்தால், அந்த மனுசனிடம்தான் முதலில் போகவேணும்." அது என் சைவத்துக்குள்ளும் இறங்கிவிட்டது. அப்படியென்றால், பறிகொடுத்தவர்கள் ஒரு நாட்டின் இரண்டு கோடிப் பேர் எனும்போது எந்த வாசலில் போய் நிற்பது?

2019 டிசம்பரில் இலங்கை அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதையே நிறுத்தியது. மண்ணெண்ணெய் வரிசையில் கடற்றொழிலாளர்கள் வெறும் கலனோடு நின்றார்கள். 2023 நவம்பர் 14இல், அப்போது ஆட்சியிலிருந்த கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச முதலானோர் இந்தப் பொருளாதார நெருக்கடியில் மக்கள் ஒப்படைத்த பொறுப்பை மீறினார்கள் என உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசரில் நால்வர் தீர்ப்பளித்தனர். நட்டஈடு இல்லை. மனுதாரருக்கு ஆளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வழக்குச் செலவு மட்டும்.

இதற்கா இவ்வளவு பாடு என்று பலர் சலித்தார்கள். நான் சலிக்கவில்லை. எந்த முடிவு, யார் எடுத்தது, எச்சரிக்கை வந்தும் ஏன் திருத்தவில்லை என்று எல்லோருக்கும் கேட்க உரக்கச் சொல்வது பெரிய காரியம். வாசல் வாசலாகப் போகமுடியாதவன் செய்யக்கூடிய பிராயச்சித்தம் கணக்கொப்புவித்தல்தான். ஆனால் தவறு செய்தவனே அதை வாய்திறந்து சொல்லவேண்டும். இங்கே நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

2024ஆம் ஆண்டின் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான அரச செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்துக்குள் கட்டுகிறது. நல்லது. 2003இலும் பற்றாக்குறையை 5 வீதத்துக்குள் கொண்டுவரச் சட்டம் போட்டார்கள். எட்டமுடியவில்லை என்றதும் காலக்கெடுவைத் தள்ளிவைத்தார்கள். அதற்காகத் தண்டனை பெற்ற எவரையும் நான் அறியேன்.

எங்கள் கணக்குப் பகுதியில் மாலையில் காசு குறைந்தால், காசாளரான சிறாப்பர் தன் சட்டைப்பையிலிருந்து வைப்பார், விளக்கமும் எழுதிக் கொடுப்பார். நிதியமைச்சர் சட்டைப்பையைத் தொடவேண்டாம். அந்த விளக்கத்தை, தான் நடத்திய ஆண்டுக்கு, தன் கையெழுத்தோடு, சிங்களத்திலும் தமிழிலும் எழுதித் தரட்டும்.