கயிற்றின் மறுமுனை

முத்துக் குளித்த காலத்தைப் பற்றி எங்கள் புன்னைக்காயலில் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றைத் தோணியில் நின்று பிடித்திருப்பவர் அவருடைய மச்சானாக இருப்பாராம். கயிறு கைதவறினால் தாலி அறுப்பது மச்சானின் அக்காளோ தங்கையோதான். அதனால் அவர் கண்ணயர மாட்டார் என்பது நம்பிக்கை. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்துவிட்டது. கதை மட்டும் நிற்கிறது.

கல்லூரியில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு ஆண்களுக்கு நடுவிலுள்ள நம்பிக்கைக்கு ஒரு பெண்ணின் வாழ்வை ஈடாக வைத்திருக்கிறார்கள், அவளுக்கோ அந்தத் தோணியில் இடமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பத்து வயதில் அப்பாவின் வள்ளத்தில் நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். “ஏட்டி, பொட்டப்புள்ள ஏறுனா கடல் தாங்காது” என்றாள் ஆச்சி. அண்ணனைக் கூட்டிப்போனார்கள். முதல் வாரம் முழுக்க அவன் வாந்தி எடுத்தான். வலையைச் சிக்கலாக்கி ஒருநாள் பாட்டையே கெடுத்தான். “போகப் போகப் பழகிரும்” என்றார் அப்பா. பழகியது.

2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து கடற்படையின் ‘தாரிணி’ பாய்மரப் படகு உலகைச் சுற்றப் புறப்பட்டபோது எனக்கு அண்ணனின் அந்த முதல் வாரம்தான் நினைவுக்கு வந்தது. வர்த்திகா ஜோஷியின் தலைமையில் பிரதிபா ஜாம்வால், சுவாதி, ஐஸ்வர்யா, விஜயா தேவி, பாயல் குப்தா என ஆறு பெண்கள். நிலநடுக்கோட்டைக் கடக்கவே இரண்டு வாரம். முதல் துறைமுகமான ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமாண்டிலை அடைய ஆறு வாரம். ஓடும் படகில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்க முடியாது. ஒருத்தி கண்மூட, இன்னொருத்தி சுக்கானைப் பிடிக்க வேண்டும். அவர்களுக்குள் மச்சான் முறையும் இல்லை, நாத்தனார் முறையும் இல்லை. பிறகு எதை நம்பித் தூங்கினார்கள்?

பயணத்துக்கு முந்தைய காலத்தில் விடை இருக்கிறது. 2016இலேயே அந்த அணி ‘மாதேயி’ படகில் மொரீசியஸ் வரை போய்வந்தது. காற்று மாறினால் பதறுவது யார், வாந்திக்கு நடுவிலும் பாயை இறக்குவது யார் என்று பார்த்தறிய அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது.

நம்பிக்கை முன்பணம் மாதிரி. வேலை தெரிவதற்கு முன்பே அதைக் கொடுத்தாக வேண்டும். அண்ணனுக்கு ஊரே கொடுத்தது. நான் ஏறி ஒருமுறை வாந்தி எடுத்திருந்தால், பெண்குலத்துக்கே கடல் ஆகாது என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

ஆபத்திலிருந்து காப்பாற்றத்தானே தடுத்தார்கள் என்று கேட்கலாம். ஆனால் ஆபத்து எங்கள் பெண்களை விட்டுவைத்ததா? வள்ளத்தின் கடனை அடைப்பவள், வராத வள்ளத்துக்காகக் கரையில் நிற்பவள் அவள்தானே. இழப்பில் பங்கு கொடுத்துவிட்டுத் தொழிலில் பங்கு மறுப்பதைக் காப்பாற்றுவது என்று எப்படிச் சொல்வது?

254 நாட்களில் தாரிணி திரும்பியபோது எல்லோரும் வீரம் என்றார்கள். நானும் கைதட்டினேன். வீரம் என்று சொல்லிவிட்டால் கரைக்கு வேலை இல்லை. அவகாசம் என்று சொன்னால், அதை யார் கொடுக்கவில்லை என்ற கேள்வி வரும்.

2025 மே மாதம், அதே தாரிணியில் தில்னாவும் புதுச்சேரிக்காரரான ரூபாவும் இரண்டே பேராக உலகைச் சுற்றித் திரும்பினார்கள். ஆச்சியிடம் சொன்னேன்.

“ஒருத்தி தூங்குனா?”

“மத்தவ பிடிச்சுக்கிடுவா, ஆச்சி.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “எங்களுக்கு யாருட்டி பழக்கிவிட்டா?”