அழைத்த குரலும் அழகர் திருவுள்ளமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சில ஆண்டுகளுக்கு முன்பு வாடிப்பட்டியில் அடியேன் கஜேந்த்ர மோக்ஷத்தைப் பற்றி உபந்யாஸம் செய்தேன். வயல்களுக்குப் பெரியாற்றுப் பாசனத் தண்ணீர் வந்துவிட்ட சமயம் அது. மக்கள் மனம் குளிர்ந்திருந்தனர். முதலையின் வாயில் சிக்கிய யானை "ஆதிமூலமே" என்று அலறியதும், எம்பெருமான் அரைகுலையத் தலைகுலைய விரைந்து வந்த வேகத்தை வர்ணித்தேன். கூட்டம் கைகூப்பி உருகிற்று. அடியேனுக்கும் உள்ளூரச் சற்றே பெருமிதம்.

எல்லோரும் பிரசாதம் பெற்றுச் சென்றபின் ஓர் அம்மாள் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். பூக்கட்டிப் பிழைப்பவர். அன்று பெருமாளுக்குச் சாற்றிய மாலையும் அவர் தொடுத்ததுதான்.

"யானை கூப்பிட்டது, ஓடி வந்தாரு. நானுந்தான் கூப்பிட்டேன், சாமி. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் திணறுனப்ப ராப்பகலா கூப்பிட்டேன். வரலியே. அந்த வருஷம் அழகரே ஆத்துக்கு வரலியே, சாமி" என்றார்.

அது 2021ஆம் ஆண்டு வைகாசியில் நேர்ந்த பிரிவு. பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு சித்திரைகளிலும் கள்ளழகர் வைகைக்கு எழுந்தருளவில்லை. வைபவங்கள் அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே நடந்தேறின. மதுரைச் சீமையில் பிறந்தவர்களுக்கு அது எத்தகைய வெறுமை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. அந்த அம்மாளோ தம் வீட்டுத் துயரத்தையும் ஆற்றின் வெறுமையையும் ஒன்றாகவே கண்டுவிட்டார்.

அடியேன் உடனே விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. இத்தகைய கேள்விக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு உண்டு. "உன் பக்தி போதவில்லை" என்பது ஒன்று. "பூர்வஜன்ம வினை" என்பது மற்றொன்று. வெந்த புண்ணில் வேலைச் செருகும் இவ்விரண்டையும் துக்கப்பட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு நமக்கு யார் அதிகாரம் தந்தார்கள்? சாஸ்திரத்தை வாசித்தவன் அதைத் தடியாக ஓங்கலாகாது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய கஜேந்த்ர சரிதத்தையே மீண்டும் எண்ணிப் பார்த்தேன். அதுகாறும் கவனியாத ஒன்று அப்போது புலப்பட்டது. கஜேந்த்ரன் மடுவுக்குத் தனியே வரவில்லை. பிடிகளும் கன்றுகளும் சூழ வந்தவன். முதலை பற்றியபோது அவையும் இழுத்துப் பார்த்தன; இயலாமல் கரையில் நின்று கதறின. எம்பெருமான் வந்தான், சக்கரத்தால் முதலையைத் துணித்தான், அடுத்து நிகழ்ந்தது என்ன? கஜேந்த்ரன் யானையுடல் நீங்கி, பகவானுடைய திருவுருவை ஒத்த உருவம் பெற்று, அவனுடனேயே சென்றான் என்று பாகவதம் கூறுகிறது. ஆகவே கரையில் நின்ற பிடிகளுக்குத் தங்கள் தலைவன் திரும்பக் கிடைக்கவில்லை! மடுவினுள் இருந்து பார்த்தால் அது மோக்ஷம்; கரையில் இருந்து பார்த்தால் அது பிரிவு. எத்தனையோ மேடைகளில் யானையின் பக்கமே நின்று பேசிவிட்டேன். அந்த அம்மாள் நின்றது கரையில்.

கரையில் நிற்பவருக்கு எம்பெருமான் என்ன செய்கிறான்? இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் திருமாலிருஞ்சோலை மலையடிவாரத்திலேயே அந்த விடை வாழ்ந்திருக்கிறது.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராகப் பிறந்து, அனைத்தையும் துறந்து உடையவரின் திருவடியை அடைந்தவர் கூரத்தாழ்வான். சோழ மன்னனால் உடையவருக்கு ஆபத்து நேரவிருந்தபோது, அவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு அவருக்குப் பதிலாக அரசவைக்குச் சென்றார். பெரிய நம்பியும் உடன் சென்றார். அங்கே இருவரும் கண்களை இழந்தனர். முதியவரான நம்பி திரும்பும் வழியிலேயே பரமபதித்தார். உடையவரோ மேல்நாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். ஆழ்வான் திருவரங்கம் திரும்பியபோது, இராமாநுச சம்பந்தம் உடையவர்களைக் கோயிலுக்குள் விடலாகாது என்று வாசலில் தடை. காவலரில் ஒருவன் மட்டும், "இவர் எல்லோருக்கும் நல்லவர், இவரை விடலாம்" என்றானாம். ஆழ்வான் கால் எடுத்து வைக்கவில்லை. ஆசார்ய சம்பந்தத்தை விலக்கித் தம் நற்குணத்துக்காகக் கிடைக்கும் சேவை வேண்டாம் என்று திரும்பிவிட்டார். குருபரம்பரை இதனை விரித்துரைக்கிறது.

கண் இல்லை, ஆசார்யன் அருகில் இல்லை, அரங்கனும் இல்லை. அந்நிலையில் அவர் குடும்பத்தோடு வந்து சேர்ந்த இடம் நம் அழகர் மலை. பேரழகன் என்றே பெயர் பெற்ற பெருமானின் சந்நிதியில், அவ்வழகைக் காண இயலாத ஒருவர் நின்றார். நின்று, அவனுடைய திருமேனி அழகை அங்கம் அங்கமாகப் பாடினார். அதுவே சுந்தரபாஹு ஸ்தவம். அதில் அவர் கண்ணைக் கேட்கவில்லை. முன்போல் திருவரங்கத்தில் உடையவரின் திருவடியில் வாழ வேண்டும் என்பதே அவருடைய விண்ணப்பம்.

அழகர் உடனே கொடுத்துவிட்டாரா? இல்லை. உடையவர் மேல்நாட்டில் இருந்தது பன்னிரண்டு ஆண்டுகள் என்பது ஸம்ப்ரதாயம். ஆழ்வான் காத்திருந்தார். பிறகு சோழன் மாண்ட செய்தி வந்தது, உடையவர் திரும்பினார், ஆழ்வானைத் தழுவிக்கொண்டார். கேட்டது கிடைத்தது. ஆனால் காத்திருந்த ஒவ்வொரு நாளும் இருட்டாகவே விடிந்ததே! அந்த இருட்டில் அவரைத் தாங்கியது எது? "ரக்ஷித்தே தீருவான்" என்னும் துணிவையே பெரியோர் மஹாவிச்வாஸம் என்றார்கள். எப்போது, எவ்வாறு என்பதை அவன் திருவுள்ளத்துக்கு விட்டுவிட்ட துணிவு அது.

இம்மலைக்கும் காத்திருப்புக்கும் ஏதோ உறவு உண்டு போலும். நூபுர கங்கையில் தியானித்திருந்த ஸுதபஸ் முனிவர், துர்வாஸரின் சாபத்தால் தவளையாகி, அழகர் வரும்வரை வைகைக் கரையில்தானே காத்துக் கிடந்தார்! முன்காலத்தில் அவருக்கு அழகர் மோக்ஷமளிக்க எழுந்தருளியது நம் பக்கத்துத் தேனூருக்கே. திருமலை நாயக்கர் காலத்தில் அது மதுரைக்கு மாறியது என்பர். வண்டியூரில் உள்ள மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம் என்றே வழங்குகிறது. அழகர் ஆற்றுக்கு வாராத அந்த இரண்டு ஆண்டுகளிலும் முனிவருக்கு மோக்ஷம் தவறவில்லை, கோயிலுக்குள்ளேயே அருளப்பட்டது. நம் கண் காணும் இடத்தில் நடக்கவில்லை, அவ்வளவே.

மறுநாள் அந்த அம்மாளிடம் ஆழ்வானுடைய சரிதத்தைச் சொன்னேன். பிற்பாடு உடையவரே வற்புறுத்தி, கண்பார்வையைக் கேள் என்று பேரருளாளனிடம் அனுப்பியதையும் சொன்னேன். வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்து நின்ற ஆழ்வான் அப்போதும் தமக்குக் கேட்கவில்லை. தாம் கண்ணிழக்கக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிட்ட வேண்டும் என்று கேட்டார். வரம் கிடைத்தது.

அம்மாள் பூத்தொடுத்துக்கொண்டே கேட்டிருந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு நாரைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு,

"அவருக்குக் கண்ணு வந்துச்சா, சாமி?" என்றார்.

"பெருமாளையும் உடையவரையும் மட்டும் காணும்படியான பார்வை வந்தது என்று பெரியோர் கூறுவர், அம்மா" என்றேன்.

"அப்ப, பாக்க வேண்டியவுகளைப் பாத்துட்டாரு" என்று சொல்லி, தொடுத்த சரத்தை வாழையிலையில் சுற்றி அடியேன் கையில் கொடுத்தார். அன்றைய உச்சிக்காலத்துக்கு அதைத்தான் சாற்றினார்கள்.