கருவி யாருடையது?

தொழில் செய்வோர்க்குக் கருவி எவ்வளவு அவசியமோ, அக்கருவியின்மீது அவர்க்குள்ள உரிமையும் அவ்வளவு அவசியமாகும். இது மண்வெட்டிக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் மட்டும் உரிய நியாயமன்று. கணினிக்கு நிரல் எழுதும் தொழிலுக்கும் உரியதே. நம் தோட்டத்து வாலிபரும் யுவதிகளும் அத்தொழிலைக் கற்க முன்வரும் இந்நாளில், எவ்வகைக் கருவியைக் கைக்கொள்வது என்ற கேள்வியைச் சிறிது ஆராய்வோம்.

நிரற்கருவிகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகை, முதலாளி நிறுவனங்கள் விற்பவை. அவற்றின் மூலநிரல் மறைக்கப்பட்டிருக்கும். பணம் கொடுப்பவர் பெறுவது உபயோகிக்கும் அனுமதியை மட்டுமே. மற்றொருவகையின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இவ்வுரிமைக்காகவே ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் அதற்குப் பெருந்துணையாயிற்று.

அனுமதி வேறு, உரிமை வேறு என்பதைக் கேமரன் மலை மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தின் பேரில் அங்கே பலர் பல்லாண்டுகள் மலைச்சரிவைத் திருத்திக் காய்கறி பயிரிட்டனர். உழைப்பு அவர்களுடையது, நிலம் அவர்களுடையதன்று. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சத்தை ரிங்லெட் வட்டாரத்துத் தேயிலைத் தோட்ட லயங்களும் அறியும். நிரலுலகிலும் இதுவே நடைபெற்றது. விளையாட்டுகளை ஆக்கும் கருவியை விற்கும் யூனிட்டி நிறுவனம், தன் கருவியால் ஆன விளையாட்டுகள் ஓரளவுக்குமேல் பரவினால், அவை புதிதாக நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் வாங்கப்போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தது. அக்கருவியை நம்பிப் பல்லாண்டு உழைத்தவர்கள் திகைத்தனர். எதிர்ப்பு வலுக்கவே, 2024-இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது.

நம் மொழியிலும் சான்றுண்டு. இ-கலப்பை என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள், முதலில் கீமேன் என்னும் வணிக மென்பொருளைச் சார்ந்தே இயங்கிற்று. பின்னர்த் தன்னார்வலர்கள் அச்சார்பை நீக்கிப் புதிதாக எழுதி, மூலநிரலோடு யாவர்க்கும் வழங்கினர். காலப்போக்கில் கீமேனும் தன் மூலநிரலைத் திறந்துவிட்டது.

ஆயினும், இலவசம் என்ற சொல்லில் மயங்குதல் ஆகாது. 2014-இல், இணையத் தளங்கள் பலவற்றின் போக்குவரத்தைக் காத்துவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த மூல மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பெருங்குறை வெளிப்பட்டது. அதைப் பேணியோர் மிகச் சிலர் என்பதும், அவர்க்குக் கிடைத்த நன்கொடை அற்பம் என்பதும் அப்போதுதான் பலர்க்குத் தெரிந்தன. கோடி கோடியாய் இலாபமீட்டிய நிறுவனங்கள் அச்சிலரின் உழைப்பைக் கூலியின்றி அனுபவித்திருந்தன! கூலியில்லா உழைப்பு எத்தகைய அநீதி என்பதைத் தோட்டத் தமிழர்க்கு எவர் கற்பிக்க வேண்டும்?

ஆகவே, விலை கொடுத்து வாங்குதல் குற்றமன்று. வேலைக்கு ஏற்றதாயின் வாங்குக. ஆனால், "உடையவன் நாளைக் கதவடைத்தால் என் உழைப்பை நான் வெளியே எடுத்துச் செல்ல இயலுமா?" என்று முன்னதாகவே கேட்டறிக. கற்கும் பருவத்தினர் பைதான் போன்ற திறந்த கருவிகளில் தொடங்குவதே நலம். அவற்றின் உள்ளமைப்பையும் பார்த்துப் பயிலலாம். அவ்வாறு பெற்றவர்க்குக் கடமையும் உண்டு. குறை கண்டால் தெரிவித்தல், தமிழில் விளக்கம் எழுதுதல், இயன்ற பொருளுதவி செய்தல் ஆகியவை அக்கடனைத் தீர்க்கும் வழிகளாம். பொதுக்கிணற்றில் நீர் மொள்வோர் அனைவரும் தூர் வாரவும் கைகொடுத்தல் வேண்டும்.