மின்னஞ்சலின் அந்தரங்கம்: பொறுப்பு யாருடையது?

பிறருடைய இரகசியத்தைக் காப்பதாக வாக்களித்த ஒருவன், அதனைக் காப்பதற்குரிய கருவி உளதாயிருந்தும் அதனைக் கையாளத் தெரியாமையால் வாக்குத் தவறுவானாயின், அத்தவறு யாரைச் சாரும்? கருவியைக் கற்றுக்கொள்ளாத அவனையா? கற்றற்கரிய வகையில் அதனை ஆக்கி அளித்தோரையா? கணினித்துறைக்கே உரிய சிறு சிக்கலாகத் தோன்றும் இவ்வினா உண்மையில் ஓர் ஒழுக்கவியல் வினாவே என்பதை எடுத்துக்காட்ட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா என் மனத்தில் எழுந்தமைக்கு அனுபவமொன்றே காரணம். இறுதியாண்டு ஆய்வின்பொருட்டு ஆடைத் தொழிற்சாலைகளிற் பணிபுரியும் பெண்கள் பதினொருவரை நானும் சகமாணவர் ஒருவரும் நேர்கண்டோம். கூலி, மேலதிக நேர வேலை, மேற்பார்வையாளரின் நடத்தை என்பன பற்றி அவர்கள் மனந்திறந்து பேசினர். "எங்கட பேர் வெளியில வராதுதானே?" என்று அவர்களுள் ஒருவர் கேட்டார். வராது என்றோம். பின்னர் குறிப்புக்களை ஒருவருக்கொருவர் அனுப்பவேண்டிய வேளையில், மின்னஞ்சலை மறைகுறியாக்கி அனுப்பும் முறையைக் கைக்கொள்ள முயன்றோம். ஒரு மாலைப்பொழுது முழுவதும் முயன்றதன் பயன், எவருக்கும் காட்டலாகாத தமது தனித் திறப்பையே நண்பர் எனக்கு அனுப்பிவைத்ததுதான். மறுநாட் காலையில் அத்தியாயத்தை ஒப்படைக்கவேண்டியிருந்தது. பெயர்களுடன்கூடிய குறிப்புக்கள் எவ்வித மறைப்புமின்றியே சென்றன. அதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக நாம் அறியோம். ஆயினும் கொடுத்த வாக்கு கொடுத்த வாக்கே.

மின்னஞ்சலைப் பலர் ஒட்டிய உறையினுள் இட்ட கடிதமெனக் கருதுகின்றனர். உண்மையில் அது தபாலட்டையையே ஒத்தது. இன்று பெரும்பாலான சேவையகங்கள் தமக்கிடையே செல்லும் அஞ்சலை வழியில் மறைத்தே கடத்துகின்றன எனினும், சேவையகத்தை அடைந்ததும் அது மீண்டும் வாசிக்கத்தக்க வடிவத்தைப் பெற்றுவிடுகின்றது. அச்சேவையை நடத்தும் நிறுவனமும், அந்நிறுவனத்திடம் கேட்டுப்பெறும் அதிகாரமுடையோரும், களவாக உட்புகுவோரும் அதனைப் படித்தல் கூடும். இதற்கு மாற்றாக அமையத்தக்க சிந்தனையை விற்பீல்ட் டிபி, மாட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் 1976 இல் வெளியிட்டனர். அதன்படி ஒருவரிடம் இரண்டு திறப்புக்கள் இருக்கும். ஒன்று யாவருக்கும் கொடுக்கத்தக்க பொதுத் திறப்பு. மற்றையது தன்னிடமே வைத்திருக்கவேண்டிய தனித் திறப்பு. பொதுத் திறப்பினாற் பூட்டியதை அதற்கு இணையான தனித் திறப்பினால் மட்டுமே திறக்கலாம். 1991 இல் அமெரிக்கரான பில் சிமர்மன் இம்முறையைச் சாதாரண மக்களின் கணினிகளுக்கு ஏற்ற மென்பொருளாக்கி, பீஜீபி எனப் பெயரிட்டு வெளியிட்டார். இத்தகைய மென்பொருள் படைக்கலமாகக் கருதப்பட்ட அக்காலத்தில், ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரோ என்று அவர்மீது தொடங்கப்பட்ட விசாரணை 1996 இலேயே கைவிடப்பட்டது.

அரசின் தடை நீங்கியது; அதனினும் வலிய தடையொன்று எஞ்சியது. பயன்படுத்துவதிலுள்ள கடினமே அத்தடை. 1999 இல் விற்றன், ரைகர் என்னும் ஆய்வாளர் இருவர், மின்னஞ்சலில் முன்னரே பழக்கமுள்ள 12 பேரிடம் அம்மென்பொருளைக் கொடுத்து, 90 நிமிட நேரமும் அளித்துச் சோதித்தனர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினரே அஞ்சலைச் சரியாகக் கையொப்பமிட்டுப் பூட்டி அனுப்பினர். நான்கிலொரு பங்கினர் காக்கவேண்டிய இரகசியத்தைத் தம்மையறியாமல் மறைப்பின்றியே அனுப்பிவிட்டனர். எட்வேட் ஸ்னோடனின் வரலாறும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அமெரிக்க அரசின் உளவு நடவடிக்கைகளை வெளிப்படுத்த எண்ணிய அவர், 2012 இறுதியில் கிளென் கிறீன்வால்ட் என்னும் பத்திரிகையாளருக்குப் பெயர் மறைத்து எழுதி, பீஜீபியை நிறுவிக்கொள்ளுமாறு வேண்டினார். செய்முறையை விளக்கும் ஒளிப்படக் காட்சியொன்றைக்கூட ஆக்கி அனுப்பினார். கிறீன்வால்ட் அதனை ஒத்திப்போட்டுக்கொண்டேயிருந்தார். அறிவிலோ துணிவிலோ குறைந்தவர் என்று அவரை எவரும் கூறார்.

இனி, ஒழுக்கவியல் நோக்கிற் பார்ப்போம். ஒருவனால் இயலாததை அவனுடைய கடமையென விதித்தல் தகாது என்பது ஒழுக்கவியலாளர் பலர்க்கும் உடன்பாடான கருத்தாகும். கற்றோரும் தடுமாறும் ஒன்றைச் சாதாரண மனிதனின் கடமையாக்கி, அவன் தவறியவிடத்து அவனை அசட்டையுடையவன் எனப் பழித்தல் இக்கருத்துக்கு முரணானது. மேலும், வல்லுநர் மட்டுமே அனுபவிக்கத்தக்க உரிமை உரிமையாகாது, அது சலுகையேயாகும். தனது திறமையால் தன்னைக் காத்துக்கொள்ளும் பொறியியலாளனுக்கு இந்நிலை போதுமானதாயிருக்கலாம். எம்மிடம் பேசிய தொழிலாளப் பெண்ணுக்கு அது போதாது.

வேறொரு காரணமும் உண்டு. வீட்டைப் பூட்டுதற்கு அயலவனின் உதவி வேண்டியதில்லை. கடிதத்தின் அந்தரங்கமோ இருவர் சேர்ந்து காப்பது. பெறுபவரிடம் திறப்பு இல்லையேல் அனுப்புபவரின் திறமை பயனற்றுப்போம். சிலர் மட்டும் உறையிட்டு அனுப்பும் ஊரில் உறையே ஐயத்துக்கு இடமளிக்கும்; அனைவரும் உறையிடுவாராயின் எவரும் ஐயுறப்படார். இவ்வுண்மையைச் சிமர்மனும் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். எனவே எளிமை என்பது வசதியை மட்டும் பொறுத்ததன்று. அந்தரங்கம் நிலைபெறுவதற்கே அது நிபந்தனையாகின்றது. 1883 இல் இராணுவ மறைகுறியியல் பற்றி எழுதிய ஒகுஸ்ட் கெர்க்கோவ்ஸ், நல்ல மறைகுறி முறைக்கு வகுத்த ஆறு நியமங்களுள் இறுதியானது, அது கையாளுதற்கு எளிதாயும் மனத்தை வருத்தாததாயும் இருத்தல் வேண்டும் என்பதாகும். களத்தில் நிற்கும் போர்வீரனை எண்ணி அவர் வகுத்த நியமத்தைக் கணினி யுகம் நெடுங்காலம் மறந்திருந்தது.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். எளிமையாக்கினால் மனிதன் எதனை நம்புகின்றோமென்று அறியாமலே நம்பத் தலைப்படுவான். அறியாத பாதுகாப்பு போலிப் பாதுகாப்பு என்பர். இம்மறுப்பை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2016 இல் வட்ஸ்அப் தனது பாவனையாளர் அனைவரின் செய்திகளையும் அவர்கள் எதுவுமே செய்யாமல் மறைகுறியாக்கியது. கோடிக்கணக்கானோர் பயனடைந்தனர். ஆயின் அஞ்சலும், அதற்கான மென்பொருளும், முகவரிகளும் ஒரே நிறுவனத்தின் கையிலிருக்குமிடத்தே அவ்வெளிமை இலகுவிற் கைகூடுகின்றது. மின்னஞ்சலோ எந்தவொரு நிறுவனத்துக்கும் தனியுடைமையாகாத பொதுவழி. அங்கு எளிமைக்கு விலையாகத் தனித் திறப்பையே நிறுவனத்திடம் ஒப்படைக்குமாறு கேட்கப்படுமாயின், அவ்வெளிமை ஏமாற்றாகவே முடியும்.

ஆகவே உழைப்பையும் தீர்ப்பையும் வேறுபிரித்தறிதல் வேண்டும். திறப்பை உருவாக்குதல், பரிமாறுதல், தேடியெடுத்தல் ஆகிய உழைப்பை மென்பொருள் ஏற்கட்டும். யாரை நம்புவது, எவ்வளவு நம்புவது என்னும் தீர்ப்பை மனிதனிடமே விட்டு, அதனை அவனுக்கு விளங்கும் மொழியில் அது கேட்கட்டும். 2017 இல் வகுக்கப்பட்ட ஒட்டோகிறிப்ட் என்னும் நியமம், சாதாரண அஞ்சலுடனேயே அனுப்புநரின் பொதுத் திறப்பையும் சேர்த்தனுப்ப வழிசெய்தது. அஞ்சல் தொடர்பு தொடருந்தோறும் திறப்புக்கள் தாமாகவே கைமாறுகின்றன. முன்னர் தனியான இணைப்பு மென்பொருளை வேண்டிநின்ற தண்டர்பேர்ட் அஞ்சற் செயலி, 2020 இல் பீஜீபி முறையில் மறைகுறியாக்கும் வசதியைத் தன்னகத்தே கொண்டது. குறைகள் இன்னும் உள. வந்த திறப்பு உண்மையில் நண்பருடையதே என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு நம்மைச் சார்ந்ததே. தனித் திறப்பை இழந்தவர் பழைய கடிதங்களையும் இழப்பார். யார் யாருக்கு எழுதினார் என்பதும் மறைவதில்லை. இவற்றையும் மறையாது எடுத்துரைப்பது எளிமையின் ஒரு கூறேயாகும்.

ஆரம்ப வினாவுக்கு மீள்வோம். கருவியை ஆக்குவோர் எம்மை நினையாது ஆக்கினர் என்று கூறி நாம் முற்றாகத் தப்பிவிடவியலாது. அன்று மாலை எமக்கு வேறொரு வழி இருந்தது. பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பியிருக்கலாம். அல்லது நேரிலே கொண்டுசென்று கொடுத்திருக்கலாம். கடினமான கருவியின்மீது பழியைப் போட்டு, எளிதான கடமையை மறந்தோம். அது எம் பங்கு. ஆயினும் களைப்பும் அவசரமும் நிறைந்த இரவொன்றிலும் சாதாரண மனிதன் தன் வாக்கைக் காக்கத்தக்கதாகக் கருவியை அமைத்தல் அதனை ஆக்குவோரின் பங்காகும். மனிதர் அனைவரும் வல்லுநராகும் நாளை எதிர்நோக்கியிருக்கும் அறம், "எங்கட பேர் வெளியில வராதுதானே?" என்று கேட்ட அப்பெண்ணுக்கு ஒருபோதும் விடையளிக்கப்போவதில்லை.