ஒண்ணுமில்ல சார்!

எட்டு மாதம் என் காருக்குத் தண்ணீர் ஊற்றினேன். செடிக்கு ஊற்றுவது போல, தினமும் காலையில் அரை பாட்டில் போர் தண்ணீர். 2003 மாடல் மாருதி 800. அம்பத்தூர் வீட்டு வாசலில் சொட்டு ஈரம் இருக்காது. ஆனால், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும்.

நான் பி.காம். படித்தவன். டேலி ஆகாத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிற வித்தை எங்களுக்குத் தெரியும். அந்த அரை பாட்டில் தண்ணீர்தான் என் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்.

ஒரு மே மாத மதியம், திருமுல்லைவாயல் பக்கம் சி.டி.எச். ரோடு நெரிசலில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். "சார், தொறக்காதீங்க! மூஞ்சி வெந்துடும்" என்று கத்தினார் ஒரு ஆட்டோக்காரர். முகம் தப்பியது.

முதலில் போனது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். பானெட்டைத் திறந்தார்கள், பார்த்தார்கள், மூடினார்கள். "ஹெட் கேஸ்கட் போயிருக்கு சார். 18,000 ஆகும்." நான் மறுகேள்வி கேட்கவில்லை. தொகை பெரிதாக இருந்தால், வியாதியும் உண்மையாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை! ஒன்றாம் தேதி வரட்டும் என்று வந்துவிட்டேன். அதற்குள் நண்பர் ஒருவர் ஆவடியில் ஒரு மெக்கானிக்கைக் கைகாட்டினார். புங்க மரத்தடிதான் அவருடைய ஒர்க்‌ஷாப்.

அவர் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். "கேஸ்கட் போயிருந்தா தண்ணி ஆயில்ல கலந்து பால் காபி மாதிரி ஆயிடும் சார். இது சுத்தமா இருக்கு." ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சைலன்ஸரில் வெள்ளைப் புகை இல்லை. ரேடியேட்டரில் குமிழி இல்லை. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, மூடி இருந்த இடத்தில் மீட்டர் வைத்த ஒரு கைப்பம்பைப் பொருத்தி, 15 பவுண்டு காற்றடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது முள் இறங்கியிருந்தது. டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார்.

"இங்க பாருங்க சார்."

கீழ் ஹோஸ் இணைப்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. இன்ஜின் சூடாகி, உள்ளே அழுத்தம் ஏறினால்தான் அங்கே கசியும். கசிந்ததும் சூட்டில் காய்ந்துவிடும். வாசலில் ஈரம் இல்லாத ரகசியம் அதுதான். "நீங்க ஊத்துன போர் தண்ணிதான் காட்டிக் குடுத்திருக்கு" என்று சிரித்தார்.

மூடியின் ரப்பரும் இறுகிப்போயிருந்தது. அந்த மூடியை அலட்சியமாக நினைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீரை 100 டிகிரியில் கொதிக்கவிடாமல் தடுப்பது அதுதான். பாடியில் தொழிற்சாலை வைத்திருக்கும் நம்ம சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது!

ஹோஸ், கிளாம்ப், மூடி, கூலன்ட் எல்லாம் சேர்த்து 1,250 ரூபாய். கூலி 400.

இந்த இடத்தில்தான் நான் அசிங்கப்பட்டேன். "ஒரு கிளாம்ப் மாத்துனதுக்கா 400?" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது. 18,000-க்குத் தலையாட்டிய அதே வாய்!

அவர் கோபப்படவில்லை. "முந்நூறு குடுங்க சார். பெருசா ஏதோ போயிடுச்சுன்னு சொன்னா குடுப்பாங்க. ஒண்ணுமில்லன்னு சொன்னா யாரும் காசு தர்றதில்ல."

வீடு வரைக்கும் அந்த வார்த்தை கூடவே வந்தது. மாத்திரை எழுதாமல் "ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்" என்று அனுப்புகிற டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கும்போது நமக்குக் கை கூசுகிறதா, இல்லையா? பொருளுக்குக் கொடுப்போம், உழைப்புக்குப் பேரம் பேசிக் கொடுப்போம். உண்மைக்கு மட்டும் நம்மிடம் ரேட் கிடையாது.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல கார், எது ஓட்டை கார் என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் நடுத்தரமாக ஒரு விலைதான் கொடுப்பார். அந்த விலை கட்டாமல் நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகிவிடுவார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அவர் சொன்னது காருக்கு. எனக்கென்னவோ மெக்கானிக்குக்கும் அது பொருந்தும் என்று தோன்றுகிறது. நேர்மையானவர் நம்மிடம் நஷ்டப்பட்டு நஷ்டப்பட்டு ஒருநாள் தொழிலை விடுவார், அல்லது பொய் சொல்லப் பழகுவார். அப்புறம், "இந்தக் காலத்துல யாரு சார் நேர்மையா இருக்கா?" என்று நாமே அலுத்துக்கொள்வோம்.

நேர்மை என்பது பலன் பார்க்காத தர்மம், அதற்கு எதற்குக் கூலி என்று கேட்கலாம். கவனித்துப் பாருங்கள், அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் கூலி கொடுக்க வேண்டிய இடத்தில்தான் இருப்பார்!

அடுத்த மாதம் காரில் ஏதோ 'கடகட' சத்தம். மறுபடி புங்க மரத்தடி. கூடவே உட்கார்ந்து ஒரு ரவுண்டு வந்தார். இறங்கி டிக்கியைத் திறந்து, உருண்டுகொண்டிருந்த ஜாக்கியைத் துணியில் சுற்றி வைத்தார்.

"ஒண்ணுமில்ல சார்."

200 ரூபாயை நீட்டினேன். "நான் எதுவும் பண்ணலையே சார்" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களேண்ணே" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.