எந்த நாளுக்குத் திருப்புவது?

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: அதை எந்த நாளுக்குத் திருப்பிக்கொண்டுபோவது? தொழிற்சாலை வாசலைத் தாண்டிய முதல் நாளுக்கா, நம்மோடு வாழ்ந்த ஏதோ ஒரு நாளுக்கா?

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு மார்க் 3. அது பிறந்த தொழிற்சாலை ஜி.எஸ்.டி. சாலையிலேயே, வண்டலூர் தாண்டிப் பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்தது. ஹெரால்டு அங்கே 1961-ல் தொடங்கி 1971 வரை உருவானது. 1988-ல் தொழிற்சாலையே மூடிவிட்டது. அப்பா தாம்பரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது அவரும் நானும் சேர்ந்து இந்தக் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறோம்.

வீட்டில் வைத்துச் செய்ய இதைவிட நல்ல கார் இல்லை என்பேன். சேஸிஸ் தனி, அதன்மேல் பாடியைப் பாகம் பாகமாகப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இங்கிலாந்தில் 1959-ல் இது வெளிவந்தபோது மற்ற கம்பெனிகள் சேஸிஸ் இல்லாத ஒரே கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்த நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், இவர்கள் பழைய முறைக்கே திரும்பினார்கள். அந்த நெருக்கடியில் இத்தாலியர் மிக்கலோட்டி வரைந்த வடிவம் இது. பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். முழங்கால் வலியுள்ள அப்பா முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே இன்ஜினில் கை வைக்கிறார். முன்சக்கரம் திரும்பும் மூட்டான ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். ஆயில் வற்றினால் அந்த மூட்டு உடைந்து, சக்கரமே மடிந்துவிடுமாம்.

கியர் லீவரைக் கழற்றியபோது உள்ளே பித்தளையில் கடைந்த ஒரு புஷ் இருந்தது. கம்பெனிச் சாமான் இல்லை. புதுப்பேட்டையில் தேடி அசல் ஒன்று வாங்கிப் போடலாம் என்றேன்.

“அப்போ சாமான் எங்கடா கிடைச்சுது? கம்பெனியே மூடிட்டான். நானே லேத்துல கடைஞ்சேன். இத்தனை வருஷம் ஓடிச்சா இல்லியா?” என்றார் அப்பா.

அந்தப் பதிலை நான் நெடுநாள் யோசித்தேன். அசல் என்கிறோமே, எது அசல்? நாலு கதவு ஹெரால்டு சாலூனை இங்கிலாந்தில் செய்யவே இல்லை. அது இங்கே, நம் தேவைக்காக உண்டானது. தொழிற்சாலை மூடிய பிறகு இந்தக் கார்களை ஓட வைத்தவர்கள் சென்னையின் லேத் பட்டறைக்காரர்களும் அப்பாவைப் போன்ற ஃபிட்டர்களும்தான். அவர்கள் கடைந்து போட்ட பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, 1971-க்குப் பிறகு இந்தக் காருக்கு எதுவுமே நடக்காத மாதிரி பளபளப்பாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் மறைந்துபோவது கறை அல்ல, ஒருவரின் உழைப்பு.

மத்திய அரசு 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும். அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. பழைய கார்களைக் காக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடுவாஞ்சேரிச் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிவர முடியாத கார் அப்பாவுக்கு எதற்கு? சாதாரணப் பதிவையே புதுப்பிக்கிறோம். பித்தளை புஷ் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உங்கள் வீட்டிலும் பழைய ஸ்கூட்டரோ தையல் மெஷினோ பம்ப்செட்டோ இருக்கலாம். அதில் கம்பெனி செய்யாத ஒரு பாகம் கண்ணில் பட்டால், கழற்றும் முன் வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, அதை யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள் என்று கேளுங்கள்.